‘இல்லை’ என்று சொல்லக் கூடாத செயலி

சூரிச் நகரத்துக்குத் தெற்கே, சில் ஆற்றங்கரையில் இருக்கிறது அட்லிஸ்வில். மக்கள்தொகை இருபதாயிரத்தை ஒட்டி வரும். சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் சிவசுப்பிரமணியர் ஆலயத்தால் பழக்கமானது. 1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து, உணவகச் சமையலறைகளிலும் துப்புரவுப் பணியிலும் முதியோர் இல்லங்களிலும் உழைத்துக் குடும்பத்தை நிமிர்த்திய தலைமுறை இன்று அறுபது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. அவர்களின் கடைசிப் பிள்ளைகளும் மூத்த பேரப்பிள்ளைகளும் சுவிஸ் பள்ளிகளில் படிக்கிறார்கள். பக்கவாதம் தேடி வரும் வயதும், கைப்பேசிச் செயலி எழுதக் கற்றுக்கொள்ளும் வயதும் ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கின்றன. இப்படி ஒரு வீட்டுப் பிள்ளை, பக்கவாதத்தைத் தொடக்கத்திலேயே கண்டறியும் செயலி ஒன்றை எழுத முற்பட்டால், அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? ‘உங்களுக்குப் பக்கவாதமாக இருக்கலாம்’ என்று அது சொல்லட்டும். ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று மட்டும் அது ஒருபோதும் சொல்லக் கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், ஒரு பதினாறு பதினேழு வயதுப் பிள்ளையால் இது முடியுமா என்ற ஐயத்தைத் தீர்த்துவிடலாம். முடியும். சுவிட்சர்லாந்தில் ஜிம்னாசியம் எனப்படும் மேல்நிலைப் பள்ளியை முடிக்கும் ஒவ்வொரு மாணவரும் ‘மத்தூரா’ தேர்வுக்கு முன்பாகச் சொந்தமாக ஓர் ஆய்வைச் செய்து எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதில் சிறந்தவற்றைத் துறை வல்லுநர்களின் வழிகாட்டலோடு செம்மைப்படுத்திப் போட்டிக்குக் கொண்டுசெல்ல ‘ஷ்வைட்சர் யூகென்ட் ஃபோர்ஷ்ட்’ என்ற அறக்கட்டளை இருக்கிறது. கருவிகளுக்கும் பஞ்சமில்லை. கூகுள் இலவசமாகத் தரும் ‘மீடியாபைப்’ மென்பொருள், கைப்பேசிக் கேமராவில் தெரியும் முகத்தின் மீது 468 புள்ளிகளைக் குறித்துத் தருகிறது. சிரிக்கும்போது வாயின் வலது ஓரமும் இடது ஓரமும் ஒரே அளவு உயர்கின்றனவா என்று கணக்கிடுவது அதன் பிறகு பள்ளிக் கணிதம். கைப்பேசியை உள்ளங்கையில் வைத்துக் கையை நீட்டி, கண்ணை மூடிப் பத்து வினாடி நிற்கச் சொன்னால், கை மெல்லத் தாழ்வதை அதன் உள்ளேயிருக்கும் அசைவுணரிகள் பதிவுசெய்யும். பேச்சு குழறுவதை ஒலிவாங்கி கேட்கும். முகம், கை, பேச்சு ஆகிய இந்த மூன்றையும்தான் 1990களின் இறுதியிலிருந்து ஆம்புலன்ஸ் ஊழியர்கள் கண்ணாலும் காதாலும் சோதித்து வருகிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஃபாஸ்ட்’ என்று அழைக்கப்படும் அந்தச் சோதனையின் கடைசி எழுத்து, நேரத்தைக் குறிக்கிறது.

நேரத்துக்கு ஏன் இத்தனை அவசரம் என்பது நோயின் தன்மையிலேயே இருக்கிறது. பக்கவாதம் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது மற்றொன்று. அடைப்பு வகையே அதிகம். பெரிய குழாய் ஒன்று அடைபட்டுச் சிகிச்சை கிடைக்காமல் போனால், ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து இருக்கிறது. அதை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதிலும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு விலை உண்டு. பல சோதனைகளின் தரவை ஒன்றுசேர்த்து 2014இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஆய்வின்படி, மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 33 பேர் குறிப்பிடத்தக்க முடக்கம் இல்லாமல் தப்பினார்கள்; மருந்து பெறாதவர்களில் 23 பேர். நாலரை மணியைத் தாண்டியபின் இந்த இடைவெளி வெறும் இரண்டாகச் சுருங்கிவிடுகிறது. ரத்தக்குழாய் வழியாக நுண்குழாய் செலுத்திக் கட்டியையே வெளியே இழுக்கும் சிகிச்சை 2015க்குப் பிறகு பரவலாகியிருக்கிறது. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட அது பயன் தரும் என்று 2018இல் தெரியவந்தது. ஆனால் அதிலும் முந்தி வருபவரே அதிகம் பிழைக்கிறார். மருத்துவமனைக்கு உள்ளே நேரத்தை மிச்சப்படுத்த மருத்துவர்கள் நிறையச் செய்துவிட்டார்கள். வீட்டுக்குள் கழியும் நேரம்தான் இன்னும் அப்படியே இருக்கிறது. ‘கொஞ்சம் படுத்து எழும்பினால் சரியாகிவிடும்’ என்று சொல்லிக் கழியும் நேரம் அது.

இந்த நேரத்தைக் கைப்பேசியால் குறைக்க முடியும் என்பதற்கு நம்பிக்கை தரும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. பல்கேரியாவின் நான்கு மருத்துவ மையங்களில் 2021 ஜூலை முதல் 2022 ஜூலை வரை ஏறத்தாழ 270 நோயாளிகளிடம் ‘ஃபாஸ்ட் ஏஐ’ என்ற செயலி சோதிக்கப்பட்டது. முகக் கோணலை அது கிட்டத்தட்ட முழுமையாகப் பிடித்தது. கைத்தளர்ச்சியை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கண்டுகொண்டது. மெல்பர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முகபாவங்களை மட்டும் வைத்து 82 விழுக்காடு துல்லியத்தை எட்டியதாக 2024இல் அறிவித்தார்கள். 82 என்பது கண்ணைக் கவரும் எண். அதன் பின்னாலிருந்த தரவு எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும்: பக்கவாதம் வந்தவர்கள் 14 பேர், வராதவர்கள் 11 பேர். ஆய்வாளர்கள் அதை முன்னோடி ஆய்வு என்றே நேர்மையாகச் சொன்னார்கள். பல்கேரிய ஆய்வில் இருந்தவர்களோ, பக்கவாதம் என்று ஏற்கெனவே உறுதியாகி, மருத்துவமனையில் சேர்ந்து மூன்று நாளுக்குள் சோதிக்கப்பட்டவர்கள். அவர்களின் முகக் கோணலைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. இரவு எட்டு மணிக்கு வீட்டு வரவேற்பறையில், மங்கலான விளக்கின் கீழ், இப்போதுதான் லேசாக வாய் கோணத் தொடங்கிய ஒருவரைக் கண்டுபிடிப்பது வேறொரு வேலை.

இந்த விழுக்காடுகளை அட்லிஸ்வில்லில் இறக்கிப் பார்ப்போம். சுவிட்சர்லாந்து முழுவதும் ஆண்டுக்குக் குறைந்தது 16,000 பேருக்குப் பக்கவாதம் வருகிறது. மக்கள்தொகை தொண்ணூறு லட்சத்தை ஒட்டியது. அந்த விகிதத்தில் இருபதாயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் ஆண்டுக்கு முப்பத்தைந்து பேருக்கு மேல் வரலாம். ஏறத்தாழ பத்து நாளைக்கு ஒருவர். ஊரில் உள்ள அனைவரும் காலையில் பல் துலக்கும்போது கைப்பேசியில் முகம் காட்டிச் சோதித்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செயலி அபாரமானது, நலமாக இருப்பவர்களில் நூற்றுக்கு 99 பேரைச் சரியாக ‘நலம்’ என்று சொல்கிறது. மீதி ஒரு விழுக்காட்டின் பொருள், தினமும் 200 பேருக்குப் பொய் எச்சரிக்கை. பத்து நாளில் வரப்போகும் ஒரே ஒரு உண்மை நோயாளிக்கு முன்னால் 2,000 பேர் வீணாகக் கலங்கிப்போயிருப்பார்கள். இரண்டாம் வாரத்துக்குள் ஊரே அந்தச் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடும். ஆக, அறிகுறி இல்லாதவர்களை நாள்தோறும் சலித்தெடுக்கும் வேலைக்கு இது உதவாது.

சரி, சந்தேகம் வந்தபோது மட்டும் பயன்படுத்தலாமே என்றால், அங்கே ஆபத்து எதிர்த்திசையிலிருந்து வருகிறது. கணவரின் பேச்சு திடீரென்று குழறுகிறது; மனைவிக்குப் பயம். செயலியைத் திறந்து முகத்தைக் காட்டுகிறார்கள். உண்மையிலேயே பக்கவாதம் வந்த நூறு பேரில் 82 பேரைச் செயலி பிடித்துவிடும் என்றே கொள்வோம். மீதி 18 பேரிடம் ‘அறிகுறி இல்லை’ என்று பச்சை நிறத்தில் காட்டும். அந்த 18 குடும்பங்களும் ஏற்கெனவே தொலைபேசியைக் கையில் எடுத்தவர்கள். செயலி இல்லையென்றால் ஆம்புலன்ஸை அழைத்திருக்கக் கூடியவர்கள். அந்தப் பச்சை நிறம் அவர்களைப் படுக்கைக்கு அனுப்பிவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முகம், கை, பேச்சு மூன்றையும் அனுபவசாலிகள் சரியாகச் சோதித்தாலும் தப்பிவிடும் பக்கவாதங்கள் உண்டு. மூளையின் பின்புறத்தில் அடைப்பு வந்தால் நடை தள்ளாடும், பார்வை இரட்டிக்கும், தலை சுற்றும்; முகம் நேராகவே இருக்கலாம். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூன்று சோதனைகளை மட்டும் நம்பினால் நூற்றுக்கு 14 பேர் தவறவிடப்படுவதும், சமநிலையையும் கண்ணையும் சேர்த்துக்கொண்டால் அது நான்கு சொச்சமாகக் குறைவதும் தெரியவந்தது. முகத்தை மட்டும் பார்த்து ‘இல்லை’ என்று சொல்ல எந்தக் கருவிக்கும் தகுதி இல்லை.

இப்படி ஒருபக்க வேலையை மட்டும் செய்யும்படி கருவியைக் கட்டுவது புதிய யோசனையும் அல்ல. இந்தத் துறையில் வெற்றி பெற்ற கருவிகள் சில இந்தக் கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டவை. ஆப்பிள் கைக்கடிகாரம் ஒழுங்கற்ற இதயத்துடிப்பைக் கண்டால் எச்சரிக்கும். எச்சரிக்கை வராததால் நோய் இல்லை என்று கொள்ளக் கூடாது என்பது 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதற்கு அளித்த அனுமதியிலேயே இருக்கிறது. அதே ஆண்டு அனுமதி பெற்ற ‘விஸ் ஏஐ’ மென்பொருள், மூளையின் சிடி ஸ்கேன் படத்தில் பெரிய அடைப்பு இருக்குமோ என்று தோன்றினால் சிறப்பு மருத்துவரின் கைப்பேசிக்கு உடனே தகவல் அனுப்பும். அது நோயை முடிவுசெய்யும் கருவியாக அனுமதிக்கப்படவில்லை. முந்திச் சொல்லும் கருவியாக அனுமதிக்கப்பட்டது. கதிரியக்க மருத்துவர் எல்லாப் படங்களையும் வழக்கம்போல் பார்ப்பார். மென்பொருள் பேசாமல் இருந்தாலும் எதுவும் குறைவதில்லை. பேசினால் சில நிமிடங்கள் மிச்சம். பெரிய நிறுவனங்களும் நிபுணர் குழுக்களும் ஏற்றுக்கொண்ட இந்த அடக்கத்தை ஒரு பள்ளி மாணவரின் செயலியும் ஏற்றுக்கொள்வதில் குறைவு ஒன்றுமில்லை.

உடனே எழும் மறுப்பு, ‘ஆம்’ என்றும் ‘தெரியவில்லை, அழையுங்கள்’ என்றும் மட்டுமே சொல்லும் செயலி எல்லோரையும் மருத்துவமனைக்குத்தானே அனுப்பும் என்பது. சந்தேகம் வந்த பிறகே திறக்கப்படும் செயலி என்றால், ஆம், பெரும்பாலும் அனுப்பும். அனுப்பத்தான் வேண்டும். ஏனெனில் அடைப்பா, ரத்தக் கசிவா என்பதைச் சிடி ஸ்கேன் போன்ற மூளைப் படம் இல்லாமல் உலகின் எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கைப்பேசியால் நிச்சயமாக முடியாது. இரண்டுக்கும் மருத்துவம் நேரெதிர். ஒன்றில் ரத்தத்தை இளக்க வேண்டும், மற்றதில் இளக்கினால் உயிருக்கே ஆபத்து. நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின் கொடுத்த அனுபவத்தில் பக்கவாத நோயாளிக்கும் வீட்டிலேயே மாத்திரை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விரல் நுனிகளில் ஊசியால் குத்தி ரத்தம் வரவைத்தால் சரியாகிவிடும் என்ற தவறான தகவல் வாட்ஸ்அப்பில் தமிழிலும் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. விழுங்கும் தசைகள் தளர்ந்திருக்கும் ஒருவருக்குக் காப்பியோ தண்ணீரோ கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம். செயலியின் முதல் திரையில் இருக்க வேண்டியது முகத்தைப் படமெடுக்கும் பொத்தான் அல்ல. ‘எதையும் வாயில் கொடுக்காதீர்கள்’ என்ற வரியும் அவசர எண்ணும். முகவாதம் போன்ற வேறு காரணங்களால் வாய் கோணியவர்கள் சிலர் வீணாக மருத்துவமனை வரை போய்த் திரும்புவார்கள்தான். ஒரு மாலைப்பொழுதை இழப்பதும் ஒரு கையை இழப்பதும் ஒரே தராசில் ஏறக்கூடியவை அல்ல.

இதைவிடக் கூர்மையான மறுப்பு இன்னொன்று: எப்படியும் அழைக்கத்தான் வேண்டும் என்றால் செயலி எதற்கு? சுவரில் ஒட்டிய ஒரு துண்டறிக்கை போதாதா? இது நியாயமான கேள்வி. அறிகுறிகளை அறிந்திருப்பது மட்டும் ஆளை எழுப்பித் தொலைபேசியை எடுக்கவைப்பதில்லை என்பதே இதற்குப் பதில். நோயாளி பெரும்பாலும் தானாக அழைப்பதில்லை. பேச முடியாது, அல்லது தனக்கு ஒன்று நேர்ந்திருப்பதே அவருக்கு உறைக்காது. பக்கத்திலிருப்பவர் அழைக்க வேண்டும். பக்கத்திலிருப்பவருக்குத் தயக்கம்: ராத்திரியில் ஆட்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வதா, செலவு எவ்வளவு ஆகுமோ, அப்பா கோபிப்பாரோ. அந்தத் தயக்கத்தை உடைக்க வெளியிலிருந்து ஒரு குரல் வேண்டும். செயலி அந்தக் குரலாக இருக்கலாம். சுவிட்சர்லாந்தில் 144, தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்று இருக்கும் இடத்துக்கேற்ற எண்ணை ஒரே தொடுதலில் அழைக்கலாம். மருத்துவமனையில் கேட்கப்படும் முதல் கேள்வி, ‘கடைசியாக இவர் நன்றாக இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?’ என்பது. நாலரை மணிக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பதற்றத்தில் யாருக்கும் சரியாகச் சொல்ல வராத அந்த நேரத்தைச் செயலி முதலிலேயே கேட்டுக் குறித்துவைக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, அண்மையில் அறுவைசிகிச்சை நடந்ததா என்பவற்றை முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தால், சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையின் பக்கவாத மையத்துக்கு ஆள் போய்ச் சேரும் முன் அந்த விவரம் போய்ச் சேரலாம்.

துண்டறிக்கையால் அறவே செய்ய முடியாத ஒரு வேலையும் உண்டு. எனக்கு இதுவே செயலியின் ஆகச் சிறந்த பயனாகத் தோன்றுகிறது. சிலருக்கு வாய் கோணி, கை தளர்ந்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். தற்காலிக அடைப்பு அது. சரியாகிவிட்டதே என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது வரக்கூடிய பெரிய பக்கவாதத்தின் முன்னறிவிப்பு. முதல் சில நாள்களிலேயே அபாயம் மிக அதிகம். ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ராத்வெல் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகையவர்களை உடனே பார்த்து மருந்து தொடங்கியபோது, மூன்று மாதத்துக்குள் பக்கவாதம் வருவது நூற்றுக்குப் பத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. இந்த அளவுக்குப் பலன் தரும் தடுப்பு முறைகள் மருத்துவத்தில் அரிது. சிக்கல் என்னவென்றால், மருத்துவரிடம் போகும்போது முகம் நேராகியிருக்கும். ‘கை கொஞ்சம் மரத்துப்போன மாதிரி இருந்தது’ என்று சொன்னால் படுத்த நிலை சரியில்லை என்று முடிந்துவிடக் கூடும். அந்தப் பத்து நிமிடத்தில் எடுத்த காணொளி ஒன்று, நேரத்தோடு கைப்பேசியில் இருந்தால், மறைந்துபோன அறிகுறி மருத்துவரின் கண்முன் மீண்டும் நிற்கும். இதற்குச் செயற்கை நுண்ணறிவு எதுவும் தேவையில்லை. கேமராவும், ‘சரியாகிவிட்டாலும் இன்றே போங்கள்’ என்று விடாமல் சொல்லும் ஒரு திரையும் போதும்.

இனி மொழி. அட்லிஸ்வில்லில் வாழும் ஒரு தமிழ்ப் பிள்ளையால் செய்ய முடிந்து, கலிபோர்னிய நிறுவனத்தால் எளிதில் செய்ய முடியாத பகுதி இதுதான். பேச்சுச் சோதனைக்கு ஆங்கிலத்தில் ஒரு பழமொழியைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். பிற மொழிகளில் அவரவர் வாக்கியங்கள். முப்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வேலைத்தலத்தில் காதால் கேட்டு ஜெர்மன் பழகிய ஒருவர் ஜெர்மன் வாக்கியத்தைத் தடுமாறிச் சொன்னால், அது பக்கவாதமா, பழக்கமின்மையா? ஜெர்மன் பேச்சைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருளுக்கு அந்த வேறுபாடு தெரியாது. இரண்டு மொழி அறிந்தவர்களுக்குப் பக்கவாதம் வந்தால் இரண்டு மொழியும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதும் இல்லை. தாய்மொழியில் கேட்டால்தான் எது இழக்கப்பட்டது என்பது தெரியும். நாக்கை மடித்துச் சொல்லும் ழகரமும் ளகரமும் ணகரமும் டகரமும் நிறைந்த தமிழ், நாத் தளர்ச்சியைக் காட்டிக்கொடுப்பதில் நல்ல சோதனைக்களம். ஆனால் யாழ்ப்பாணப் பேச்சும் மதுரைப் பேச்சும் ஒன்றல்ல. பல் கட்டியவர், வெற்றிலை போடுபவர், இயல்பிலேயே ழகரம் வராதவர் என்று நலமாக இருப்பவர்களிடையே எத்தனை வேறுபாடு! அதனால் ஒருவரை ஊராரோடு ஒப்பிடாமல், அவர் நலமாக இருந்தபோது பேசியதோடும் சிரித்ததோடும் ஒப்பிடுவதே சரி. வீட்டுப் பெரியவர்களின் சிரிப்பையும் குரலையும் நல்ல நாளிலேயே பதிந்து வைத்துக்கொள்ளும் செயலி, பாதி வேலையை முடித்துவிடுகிறது.

முகத்துக்கும் இதே நியாயம். 2018இல் கணினி ஆய்வாளர்கள் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் மூன்று நிறுவனங்களின் முகமறியும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆணா பெண்ணா என்று சொல்வதில் வெளிர்நிற ஆண்களிடம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகத் தவறியவை, கருநிறப் பெண்களிடம் சில இடங்களில் மூன்றில் ஒருவரைத் தவறாகச் சொல்லின. பயிற்சிக்குத் தந்த படங்களில் யார் முகங்கள் அதிகமோ அவர்களுக்கே கருவி நன்றாக வேலை செய்யும். இருபத்தைந்து பேரைக் கொண்டு பழகிய ஒரு கருவியில் நம் அம்மாக்களின் முகம் இருந்திருக்க வாய்ப்பு எவ்வளவு?

ஒரு சிறுவரிடம் இத்தனை பெரிய பொறுப்பைக் கொடுக்கலாமா என்பவர்கள் உண்டு. அவர்களின் கவலை வெறும் வயதைப் பற்றியது என்றால் நான் உடன்படவில்லை. ஓசூரைச் சேர்ந்த ஆகாஷ் மனோஜ், வலியில்லாமல் வரும் மாரடைப்பைத் தோலின் மேலிருந்தே உணரும் ஒரு பட்டையைப் பள்ளிப் பருவத்திலேயே வடிவமைக்க முற்பட்டு, 2017இல் குடியரசுத் தலைவர் மாளிகையின் விருந்தினராகத் தங்கும் சிறப்பைப் பெற்றார். பிள்ளைகளின் கேள்விகள் நல்ல கேள்விகள். கவலைப்பட வேண்டியது நாம் அவர்களைக் கொண்டாடும் விதத்தைப் பற்றி. 2012இல் அமெரிக்காவில் 15 வயது ஜாக் ஆண்ட்ராகா கணையப் புற்றுநோயைக் கண்டறியும் காகிதச் சோதனைக்காக இன்டெல் அறிவியல் கண்காட்சியின் உயரிய பரிசை வென்றபோது, உலக ஊடகங்கள் நோயே தீர்ந்துவிட்டதுபோல் எழுதின. அந்தச் சோதனை இன்னும் எந்த மருத்துவமனையின் வழக்கத்துக்கும் வரவில்லை. குறை அந்த மாணவரிடம் இல்லை. ஒரு தொடக்கத்தை முடிவாக விற்றவர்களிடம் இருக்கிறது. ‘எத்தனை விழுக்காடு துல்லியம்?’ என்று கேட்பதற்குப் பதில், ‘எத்தனை பேரிடம் சோதித்தாய், அவர்கள் யார், யாரைத் தவறவிட்டாய்?’ என்று கேட்பதே ஒரு பிள்ளைக்கு நாம் தரக்கூடிய மரியாதை.

சட்டமும் இங்கே பிள்ளைக்கு உதவியாகவே நிற்கிறது. 2021 மே 26 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சுவிட்சர்லாந்திலும் நடைமுறையிலிருக்கும் விதிகளின்படி, நோயைக் கண்டறிய உதவும் மென்பொருள் மருத்துவக் கருவியாகவே கருதப்படும். அதன் தவறு உயிரையோ உறுப்பையோ பறிக்கக்கூடும் என்றால் மிகக் கடுமையான வகைகளில் வைக்கப்படும். அந்தத் தேர்வுகளைத் தாண்டப் பணமும் ஆண்டுகளும் வேண்டும். பள்ளி ஆய்வுக்கு இரண்டும் கிடையாது. ஆனால் அவசர எண்ணை அழைப்பது, நேரத்தைக் குறிப்பது, மருந்து விவரத்தைச் சேமிப்பது, காணொளியைப் பாதுகாப்பது ஆகியவை நோயை முடிவுசெய்யும் வேலைகள் அல்ல. ‘இல்லை’ என்று சொல்லும் உரிமையை விட்டுக்கொடுக்கும் செயலி, ஒரு மாணவர் நேர்மையாகத் தாங்கக்கூடிய எடைக்கு வந்துவிடுகிறது. முகத்தை அளக்கும் பகுதியை ஆய்வாக வைத்துக்கொண்டு, மருத்துவமனையோடு சேர்ந்து பல ஆண்டுகள் வளர்த்தெடுக்கலாம்.

கண்டறிவது என்றால் நோய் தொடங்கும் முன்பே அல்லவா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கைப்பேசியால் நாடித்துடிப்பின் ஒழுங்கின்மையை உணர முடியும். அந்தக் கோளாறு பக்கவாத அபாயத்தைப் பல மடங்கு கூட்டுவதும் உண்மை. ஆனாலும் டென்மார்க்கில் ஆறாயிரம் பேரிடம் நடந்து 2021இல் வெளியான ‘லூப்’ ஆய்வில், தோலுக்கடியில் கருவி வைத்துத் தொடர்ந்து கண்காணித்தபோது அந்தக் கோளாறு வழக்கத்தைவிட மூன்று மடங்கு பேரிடம் கண்டுபிடிக்கப்பட்டும், பக்கவாதம் புள்ளியியல் நோக்கில் உறுதியாகக் குறையவில்லை. அதிகம் கண்டுபிடிப்பது அதிகம் காப்பாற்றுவதாக ஆகிவிடுவதில்லை. மறுபுறம், பக்கவாதத்துக்கு முதற்காரணமான உயர் ரத்த அழுத்தத்தைக் கண்டறியப் புதுக் கருவியே தேவையில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே போய் அதை அளந்து மாத்திரையும் தருகிறது. மாத்திரையை நினைவூட்டுவது ஒரு செயலிக்கு ஏற்ற நல்ல வேலை.

தமிழ்நாட்டுக்கோ இலங்கைக்கோ இதே செயலியைக் கொண்டுவந்தால் ஒரு பகுதியை மாற்றி எழுத வேண்டியிருக்கும். அட்லிஸ்வில்லிலிருந்து 144ஐ அழைத்தால், எந்த மருத்துவமனைக்கு என்பதை ஆம்புலன்ஸ்காரர்கள் முடிவுசெய்துகொள்வார்கள். நம் ஊர்களில் ஆட்டோவிலோ காரிலோ ஏற்றிக்கொண்டு போகும் குடும்பம்தான் பெரும்பாலும் அதை முடிவுசெய்கிறது. பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்குப் போய், அங்கே சிடி ஸ்கேன் இல்லை என்று தெரிந்து, வேறொரு இடத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதற்குள் நாலரை மணி கடந்துவிடுகிறது. சிடி ஸ்கேனும் கட்டி கரைக்கும் மருந்தும் இரவு பகலாக இருக்கும் மருத்துவமனைகள் எவை, அவற்றில் எது இப்போது மிக அருகில் என்ற பட்டியல் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வேண்டும். அது மாதந்தோறும் சரிபார்க்கப்பட வேண்டும். இதைத் தொகுக்கப் பள்ளி மாணவர்களால் முடியும். தொலைபேசியில் அழைத்து, ‘இன்று இரவு ஸ்கேன் எடுப்பீர்களா?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.